சொந்தத்தில் கட்டாவிட்டாலும் டுச்சேன் வரும்

'சொந்தத்தில் கட்டினால்தான் தசைநோய் வரும், பெற்றோர் சொந்தமில்லாத மார்த்தாண்டத்துப் பையனுக்கு மரபணுச் சோதனை வீண்செலவு' என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். தவறு. டுச்சேன் என்பது பெரும்பாலும் பையன்களுக்குச் சிறுவயதிலேயே தசை பலம் குறைந்துகொண்டே போகும் நோய். அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மகனுக்குத் தாய்வழியாக வரும். ஏறத்தாழ மூன்றில் ஒரு பையனுக்குத் தாயிடமும் இல்லாமல் புதிதாகவே பிழை உண்டாகிறது. (தோள், இடுப்புத் தசைகளைத் தாக்கும் லிம்ப் கர்டில் என்ற வேறு தசைநோய் வகைகள் பலவற்றில் சொந்தத் திருமணத்துக்குப் பங்கு உண்டு, சரி.)

அப்புறம், வழக்கமாக முதலில் செய்யும் எம்எல்பிஏ சோதனை அந்த மரபணுவின் 79 எக்ஸான்களில் (புரதத்துக்கான குறிப்பு உள்ள துண்டுகளில்) எது விடுபட்டது, எது இரட்டித்தது என்றுதான் காட்டும். அது நார்மல் என்று வந்தாலும் நிம்மதியாக நாகர்கோவில் பஸ் ஏறிவிடாதீர்கள். மரபணுவில் ஓரிரு எழுத்து மட்டும் மாறியிருக்கும் சின்னப் பிழைகளைப் பிடிக்க மரபணுவை முழுதாக வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டும். பிழை எதுவென்று தெரிந்தால்தான் அம்மாவையும் அக்காமாரையும் சரியாகச் சோதிக்க முடியும்.