ஆறு மாசக் கணக்கு

"ஆறு மாசம் போகட்டும்மா, உடம்பு தேறட்டும், அப்புறம் மறுபடி குழந்தைக்குப் பாரு." கரு கலைந்த வீட்டுக்கு வருகிறவர்கள் ஹார்லிக்ஸோடு இதையும் சேர்த்தே கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பினாங்கில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்களும் அப்படித்தான். போன வருஷம் ஒன்பதாவது வாரத்தில் எனக்குக் கரு தங்காமல் போனது. அதற்கப்புறம் கிடைத்த அறிவுரையில் பாதி "இரு, அவசரப்படாதே", மீதி "வயசாகுது, சீக்கிரம் பாரு". ஒரு பெரியம்மா இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்.

இந்த ஆறு மாசக் கணக்கை வெறும் பாட்டி பேச்சு என்று தள்ளிவிடவும் முடியாது. உலகச் சுகாதார நிறுவனம் 2005-ல் கூட்டிய நிபுணர் குழுவே குறைந்தது ஆறு மாதம் இடைவெளி விடச் சொன்னது. ஆனால் அதற்கு ஆதாரம் பெரும்பாலும் லத்தீன் அமெரிக்காவில் செய்த ஒரே ஓர் ஆய்வு. தானாகக் கலைந்ததையும் கலைத்துக்கொண்டதையும் அதில் தனித்தனியாகப் பிரிக்கவில்லை. பிறகு ஸ்காட்லாந்தில் 30,000-க்கும் அதிகமான பெண்களின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு 2010-ல் வந்தது. ஆறு மாதத்துக்குள் மறுபடி கருவுற்றவர்களுக்குத் திரும்பவும் கலைவது, தள்ளிப்போட்டவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. 2022-ல் வந்த நார்வே ஆய்விலும், மூன்று மாதத்துக்குள் கருவுற்றதால் ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை. முப்பத்தெட்டு வயதில் இருக்கிற ஒருத்திக்கு ஆறு மாதம் என்பது சின்ன விஷயம் இல்லை.

காத்திருக்கவே வேண்டிய நிலைமைகளும் உண்டு. முத்துப்பிள்ளை கர்ப்பம் (கருவுக்குப் பதில் நஞ்சுத் திசு கொத்துக்கொத்தாக வளர்வது) என்றால், ரத்தத்தில் கர்ப்ப ஹார்மோன் அளவு இறங்கி, டாக்டர் சரி என்று சொல்லும்வரை முயற்சி செய்யக் கூடாது. கரு குழாயில் தங்கி, அதன் வளர்ச்சியை நிறுத்த மெத்தோட்ரெக்ஸேட் ஊசி போட்டிருந்தால் மூன்று மாதமாவது பொறுக்கச் சொல்வார்கள். மற்றவர்களிடம் ஒரு மாதவிலக்கு வந்து போகட்டும் என்பார்கள். அடுத்த கர்ப்பத்தில் நாள் கணக்குப் போடச் சுலபமாக இருக்கும் என்பதுதான் அதற்கு முக்கியக் காரணம். ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் மாத்திரையை முன்கூட்டியே ஆரம்பித்துவிடலாம்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று இருக்கிறது. கரு கலைந்த பிறகும் கர்ப்ப ஹார்மோன் உடனே வடிந்துவிடாது. சில வாரம்கூட நிற்கும். ஃபார்மசியில் வாங்கிய கர்ப்பப் பரிசோதனைக் குச்சியைக் குளியலறை விளக்குக்குக் கீழே சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். வெளிறிய இரண்டாவது கோடு. புதுசா, பழசின் மிச்சமா? குச்சிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. முட்டை வெளியாகும் நாளைக் காட்டுகிற குச்சியும் அந்த ஹார்மோனால் ஏமாறும். தெளிவான வழி, கிளினிக்கில் ரத்தம் கொடுத்து அளவு இறங்குகிறதா என்று பார்ப்பது. இதற்கு நடுவே முட்டை இரண்டே வாரத்தில் வெளியாகவும் கூடும். மறுபடி எப்போது முயற்சி செய்வது என்று முடிவெடுக்காத தம்பதிகள் அதுவரை தடுப்பு முறையை மறக்கக் கூடாது.

சரி, காரணம் தேடுகிற கூட்டத்துக்கு வருகிறேன். பப்பாளி தின்றாளா, அன்னாசி தின்றாளா, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் படி ஏறினாளா. ஆரம்ப வாரங்களில் கலைகிற கருக்களில் ஏறக்குறைய பாதி, குரோமோசோம் கோளாறால் வளர முடியாமல் போனவை. படி ஏறாமல் சோபாவிலேயே உட்கார்ந்திருந்தாலும் அது நின்றிருக்காது. கரும்புத் தொட்டில் எடுப்பதாக என் மாமியார் முருகனிடம் வேண்டிக்கொண்டிருக்கிறார். அதில் எனக்குக் கோபமில்லை. எந்த வருஷம் என்று முருகனிடம் கேட்கட்டும், என்னிடம் வேண்டாம்.

வேலை இடம் இன்னொரு கதை. நம் மலேசியாவில் 2023 ஜனவரி 1 முதல் பேறுகால விடுப்பு 98 நாள். ஆனால் தொழிலாளர் சட்டம் பேறு என்று எடுத்துக்கொள்வது 22 வாரத்துக்குப் பிறகு நடப்பதை மட்டுமே. அதற்கு முன்னால் கலைந்தால் எம்சி (டாக்டர் சீட்டில் எடுக்கிற மருத்துவ விடுப்பு) தான், காய்ச்சல், வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற அதே எம்சி. என் மேலாளர் காரணம் கேட்டபோது "வயிற்று வலி" என்றேன், பக்கத்து மேசைக்காரர் வேறு நிமிர்ந்து பார்த்தார். 98 நாளுக்குக் கைதட்டியவர்கள் இந்தப் பெண்களுக்கும் தனியாக ஒரு வாரமாவது கேட்டிருக்கலாம்.

கணவர்களை யாரும் விசாரிப்பதே இல்லை. "அவளைப் பார்த்துக்கோப்பா" என்று தோளில் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். என் வீட்டுக்காரர் ஸ்கேன் படத்தைப் பர்ஸிலிருந்து எடுக்கவே ரொம்ப நாள் ஆனது. அவருக்கு மறுபடி முயற்சி செய்யப் பயமாக இருந்தால், உடம்பு தயார் என்று டாக்டர் சொன்ன பிறகும் நான் காத்திருப்பேன். அது வீட்டுக்குள் இரண்டு பேர் பேசி முடிக்கிற விஷயம்.

நாங்கள் இப்போது முயற்சி செய்கிறோமா என்று இன்பாக்ஸில் கேட்கப்போகிறீர்கள். பதில் வராது.