மெஷினைத் திட்டாதீங்க
சம்பா அறுவடை முடிந்து நெல் கணக்கு குவியும் மாசியில்தான் எங்கள் கும்பகோணம் ஆபீஸின் ஐபிஎம் கம்ப்யூட்டரான ஏஎஸ்/400-இல் பேட்ச் ஜாப் (திரையில் ஆள் இல்லாமல் பின்னணியில் ஓடும் வேலை) எல்லாம் ஆமையாகும். உடனே "மெமரி பத்தலை, புது மெஷின் வாங்கணும்" என்று ஒரு கூட்டம் கிளம்பிவிடும். ஐயா, முதலில் ஜாப் என்ன நிலையில் நிற்கிறது என்று பாருங்களேன்! எல்சிகேடபிள்யூ (லாக் வெயிட், அதாவது பூட்டு திறக்கக் காத்திருக்கிறது) என்று காட்டினால் அது மெதுவாக ஓடவில்லை, ஓடவே இல்லை. மன்னார்குடி கிளையில் யாரோ நெல் வரவு ஃபைலைப் பூட்டி வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போயிருக்கிறார், அவ்வளவுதான். அப்புறம் இன்னொருவர், மாதக் கணக்கு குவெரியைப் பேட்சுக்கு அனுப்பாமல் திரையிலேயே ஓட்டுவார். வழக்கமாகத் திரை வேலைக்கு முன்னுரிமை 20, பேட்சுக்கு 50. எண் குறைந்தால்தான் மதிப்பு அதிகம், அதனால் சிபியூவை முதலில் அள்ளுவது அவர்தான். கேட்டால் "எனக்கு வேகமாத்தானே வருது" என்கிறார். வராமல் என்ன செய்யும்!