நான் ரோபோ இல்லை என்று எத்தனை முறை சொல்வது?

ஆடிப்பட்டத்துக்கு முன்னால் எங்கள் விதைப் பகிர்வுக் குழுவில் சேர வேண்டும் என்று அண்ணன் ஒருவர் கேட்டார். பார்வை இல்லாதவர், பள்ளி ஆசிரியர். அவர் வீட்டில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எங்கள் இணையப் பதிவுப் படிவத்தில் பெயர், ஊர், மின்னஞ்சல் எல்லாம் மளமளவென்று தட்டிவிட்டார். கணினித் திரையில் இருப்பதை என்விடிஏ என்ற திரைவாசிப்பான் மென்பொருள் படித்துச் சொல்லச் சொல்ல அவர் விரல் போகும் வேகம் எனக்கு வராது. (அந்த மென்பொருளை உருவாக்கியவர்களே பார்வையற்ற இரண்டு ஆஸ்திரேலிய இளைஞர்கள்தான்.)

கடைசியில் கேப்ட்சா, அதாவது நிரப்புவது ஆள்தான், ரோபோ இல்லை என்று காட்டச் சொல்லும் சோதனை. சிக்னல் விளக்கு உள்ள படங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். ஒலிப் பொத்தானை அழுத்தினார். இரைச்சலுக்கு நடுவே யாரோ ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார்கள். அவர் முதல் சொல்லைத் தட்ட, என்விடிஏ ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக்காட்ட, அடுத்த சொல் அதில் அமுங்கிப்போனது. நான்கு முறை முயன்றார். "நீயே போட்டு விடுப்பா" என்று எழுந்துவிட்டார்.

அந்தப் பூட்டைப் போட்டவன் நான். சூதாட்ட இணைப்பும் கடன் செயலி விளம்பரமும் தினமும் வந்து குவிந்ததால் போட்டேன். அந்தத் தொல்லை பொய்யில்லை. ஆனால் யாரைத் தடுக்கிறோம்? கேப்ட்சாவில் காட்டும் கோணல்மாணலான எழுத்துகளைத் தன் நிரலே 99.8 சதவீதம் சரியாகப் படித்துவிடுகிறது என்று கூகுளே 2014இல் சொல்லிவிட்டது. ஒலிச் சோதனையை 2017இல் மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 85 சதவீதம் உடைத்துக் காட்டினார்கள். பாட் (தானாகவே படிவம் நிரப்பும் நிரல்) உள்ளே போகிறது, அண்ணன் வெளியே நிற்கிறார். கண்ணும் காதும் இரண்டும் இல்லாமல் பிரெய்ல் கருவியில் விரலால் படிப்பவருக்குப் படமும் உதவாது, ஒலியும் உதவாது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் சொல்லியிருக்கிறது. கேப்ட்சாவை ஒட்டுகிற நம்மில் எத்தனை பேர் அதை யோசிக்கிறோம்?

கேப்ட்சாவை எடுத்துவிட்டோம். படிவத்தில் ஒரு பொய்க் கட்டம் வைத்தோம். ஆள் கண்ணில் படாது, பாட் வந்தால் நிரப்பி மாட்டிக்கொள்ளும். "கண்ணுக்கு மட்டும் மறைச்சா பத்தாது. என்விடிஏ படிச்சுடும், நான் நிரப்பிடுவேன், என்னையே பாட்னு தள்ளிடும்" என்றார் அண்ணன். எனக்குத் தோன்றவே தோன்றாத விஷயம் இது. திரைவாசிப்பானுக்கும் எட்டாதபடி மாற்றினோம். ஒன்றிரண்டு நொடியில் நிரம்பி வரும் படிவத்தைத் தனியாக நிறுத்துகிறோம், ஆனால் தள்ளிவிடுவதில்லை, நாங்கள் பார்த்துத்தான் முடிவு. புதியவரின் முதல் பதிவையும் எங்களில் ஒருவர் படித்த பிறகே வெளியிடுகிறோம். குப்பை இன்னும் வரத்தான் செய்கிறது. மூன்று பேர் முறைவைத்து அள்ளுகிறோம். அந்த வேலை எங்களுடையது. சேர வருகிறவர் தலையில் அதை ஏற்றியதுதான் தப்பு.

பக்கம் நடத்தும் நண்பர்களே, மவுஸைத் தள்ளி வைத்து, திரையை அணைத்து, திரைவாசிப்பானை மட்டும் வைத்துக்கொண்டு உங்கள் பதிவுப் படிவத்தை ஒரு முறை நிரப்பிப் பாருங்கள். எங்கே முட்டிக்கொண்டு நின்றீர்கள் என்று கீழே எழுதுங்கள். அண்ணனும் படிப்பார். இப்போது அவர் குழுவில்தான் இருக்கிறார், நாட்டு அவரை விதை கேட்டிருக்கிறார்.