மூக்கைப் பொத்திக்கொண்டு படலையடியில் நின்றவர்களுக்கு

ஒரு கிழமையாக நெஞ்சு கொதித்துக்கொண்டே இருக்கிறது. இதை எழுதி முடிக்காமல் எனக்கு நித்திரை வராது.

எங்கள் சின்னம்மாவின் வீடு ஊத்தை. அதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். விறாந்தையில் கால் வைக்க இடமில்லை. பழைய பேப்பர்க் கட்டுகள், கால் உடைந்த கதிரைகள், சொப்பிங் பைகளைத் திணித்து முடிந்த சொப்பிங் பைகள், வாரறுந்த செருப்புகள் என்று கூரைப்பக்கமாக ஏறிக்கொண்டே போகிறது. நடு அறைக் கதவு அரைவாசிதான் திறக்கும், உடம்பைச் சரித்துத்தான் உள்ளே போக வேண்டும். குசினியில் கழுவாத சட்டிகளில் பூஞ்சணம். இரவில் எலி ஓடுகிற சத்தம் கேட்கும். மழை பெய்தால் அந்த வீட்டில் ஒரு புளித்த மணம் எழும்பும், உடுப்பில் ஒட்டிக்கொண்டு நம்மோடு வீடுவரை வரும். அந்த வீட்டில் சின்னம்மாவும், அவருடைய மகளும், மகளின் 2 பிள்ளைகளும் இருக்கிறார்கள். மூத்தவளுக்கு 14 வயது. சின்னவனுக்கு 8 வயது, தொய்வு வேறு.

போன கிழமை டெங்குச் சோதனைக்கு ஆட்கள் வந்தார்கள். வந்த பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். கிணற்றடியில் கிடந்த 3 ரயரையும் உடைந்த தொட்டியையும் காட்டி, நுளம்புக் குடம்பி இருக்கிறது என்று சொல்லி, தவணை தந்துவிட்டுப் போனார். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி அவர் வழக்கே போட்டிருக்கலாம். சின்னம்மாவோடு அவர் ஒரு சொல்கூடத் தடித்துப் பேசவில்லை. ஆனால் அவருக்குப் பின்னால் அயலுக்குள் இருந்து 4 பேர் வந்தார்கள் பாருங்கள், அவர்களைப் பற்றித்தான் நான் பேச வேண்டும். ஒருவர் போனை எடுத்து வீடியோ பிடித்தார். கிணற்றடியை மட்டும் பிடித்திருந்தாலும் பரவாயில்லை. வீட்டுக்குள் ஏறி, பிள்ளைகள் படுக்கிற பாயை, சாமியறையை, கொடியில் தொங்கிய பெட்டையின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையை, அதன்மேல் போட்டிருந்த ரையை, எல்லாவற்றையும் பிடித்தார். ரையைப் பார்த்தால் எந்தப் பள்ளிக்கூடம் என்று யாழ்ப்பாணத்தில் யாருக்குத்தான் தெரியாது?

பின்னேரத்துக்குள் அது ரொறன்ரோவுக்குப் போய்விட்டது. இரவுக்குள் லண்டன், பாரிஸ். விடிய எனக்கு 11 பேர் அனுப்பியிருந்தார்கள். அனுப்பியவர்களில் 5 பேர் சின்னம்மாவின் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டவர்கள்.

“சீ, மனிசர் இருக்கிற வீடோ இது?” “பொம்பிளையள் ரெண்டு பேர் இருந்தும் இப்பிடியோ?” “பிள்ளையளைக் கொண்டுபோய் ஹோமில விடுங்கோ.” “கிழவியை அங்கொடைக்கு அனுப்புங்கோ.” (அங்கொடை என்றால் மனநோய் ஆஸ்பத்திரி.) ஒருவர் எழுதுகிறார், “எங்கட ஆக்கள் இப்பிடி இருக்கிறதோ, நாங்கள் ஆர்?” என்று. அந்த ‘எங்கட ஆக்கள்’ என்பதன் அர்த்தம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஊத்தை என்றால் அது வேறு சாதிக்காரர் வீட்டில்தான் இருக்கும் என்று நினைக்கிற மனதில் இருந்து வருகிற சொல் அது. தலைமுறை தலைமுறையாக எங்கள் கக்கூசையும் எங்கள் தெருவையும் துப்புரவாக்கிய சனத்தைத்தான் நாங்கள் ஊத்தை என்று சொல்லி வைத்திருக்கிறோம். அந்த வரியை வாசித்தபோது எனக்கு வந்த கோபத்தை எழுத இங்கே இடம் போதாது.

சரி, பொம்பிளைகள் இருந்தும் இப்படியா என்று கேட்டீர்களே. அந்த வீட்டில் பிறந்த ஒரு மகன் லண்டனில் இருக்கிறார். அவரை யாராவது ஒரு கேள்வி கேட்டீர்களா? 5 வருடத்துக்கு முன் பெண்சாதியையும் 2 பிள்ளைகளையும் விட்டுவிட்டுப் போன மருமகனை? வீடு நாறினால் அங்கே இருக்கிற பெண்ணின் நடத்தை நாறுகிறது என்று எந்தக் காலத்தில் எழுதி வைத்தீர்கள்? சின்னம்மாவின் மகள், என் தங்கச்சி, காலை 7 மணிக்குத் தையல் வேலைக்குப் போனால் பொழுதுபட்டுத்தான் வருகிறாள். வந்து சமைத்து, பிள்ளைகளுக்குக் கொடுத்து, தாயைக் குளிக்க வைத்து, பாயில் விழுகிறாள். அந்த மலையில் எங்கே கை வைப்பது, எந்த நேரத்தில் கை வைப்பது என்று நீங்கள் வந்து அவளுக்குச் சொல்லிக் கொடுங்கள், பார்ப்போம்.

சின்னம்மா முந்தி எப்படி இருந்தவர் என்று தெரிந்தவர்கள்தான் இன்று கூடுதலாகப் பேசுகிறார்கள். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. விடியற்காலையில் அவர் முற்றம் கூட்டினால் மணலில் விளக்குமாற்றின் கோடுகள் வளைந்து வளைந்து வரிசையாகக் கிடக்கும். பள்ளிக்கூடம் போகிற வழியில் அவர் வீட்டுக்குப் போனால், அந்தக் கோட்டை மிதிக்க மனமில்லாமல் வேலியோரமாகப் பதுங்கி நடப்போம். வெள்ளிக்கிழமை வீடு கழுவினால் மத்தியானம் வரை சீமெந்து நிலம் குளிர்ந்துபோய் இருக்கும், நாங்கள் அதில் குப்புறப் படுப்போம். அதே கைதான். அதே மனிசிதான்.

1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் பற்றரிக்கும் மெழுகுதிரிக்கும் தடை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில் படித்த ஆட்கள்தானே நாங்கள் எல்லோரும்? அந்த நாளில் வெறும் போத்தலை எறிந்தவர் யார்? பொலித்தீன் பையைக் கழுவிக் காயப் போட்டோம். ஆணியை நிமிர்த்தி வைத்தோம். பிறகு 1995 ஒக்டோபர் 30. சண்டைக்குப் பயந்து வலிகாமம் பகுதிச் சனமே எழும்பி நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்த இரவு. சின்னம்மா ஒரு பையோடும் 2 பிள்ளைகளோடும் போனார். தங்கச்சிக்கு அப்போது, இன்றைக்கு அவளுடைய மகனுக்கு இருக்கிற அதே வயது. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வீட்டில் சுவர்தான் மிச்சம். கதவு இல்லை, யன்னல் இல்லை, கல்யாணத்துக்குக் கொடுத்த அலுமாரி இல்லை, படங்கள் இல்லை. 2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஏ-9 பாதையைப் பூட்டியபோது மறுபடியும் வரிசை, மறுபடியும் தட்டுப்பாடு. அவர் மறுபடியும் போத்தல் சேர்த்தார்.

எல்லாம் போரால்தான் என்று நான் சாதிக்க வரவில்லை. அதே பாலத்தால் நடந்த என் அம்மாவின் வீடு துப்புரவாகத்தான் இருக்கிறது. 2011இல் சித்தப்பா செத்த பிறகுதான் சின்னம்மாவின் முற்றம் கூட்டாமல் கிடக்கத் தொடங்கியது. முதலில் அவருடைய சட்டைகளை எறிய மாட்டேன் என்றார். பிறகு அவர் வாசித்த பேப்பர்கள். பிறகு எதையுமே. ஒரு பொருளை எறிவது என்றால் அவருக்குக் கை நடுங்கும், கண் கலங்கும், மூச்சு வாங்கும். நான் கண்ணால் கண்டது. வைத்தியர்கள் இதற்குத் தனியாகவே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பெறுமதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எதையும் கழிக்க முடியாமல், வீட்டின் அறைகள் பாவிக்க முடியாத அளவுக்குப் பொருள் சேர்வதை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் தனி நோயாகவே வகைப்படுத்தியது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் இன்று அது தனியாக இருக்கிறது. சோம்பல் என்று அந்தப் பட்டியலில் எங்கும் இல்லை. தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, பஸ்ஸில் போய் வரலாம். சின்னம்மாவைக் கொண்டுபோகலாம் என்று நான் சொன்னபோது, “பெட்டையின்ர கலியாணம் பழுதாப் போகும், சும்மா இருங்கோ” என்று என்னைத் தடுத்தவர்களும் இதே சொந்தக்காரர்கள்தான். வருத்தத்துக்கு மருந்து எடுத்தால் குடும்ப மானம் போகுமாம், வீடியோவைத் தேசம் தேசமாக அனுப்பினால் போகாதாம்!

3 வருடத்துக்கு முன் ஒரு முறை ‘உதவி’ செய்தார்கள். சின்னம்மாவைக் கோயிலுக்கு என்று சொல்லிக் கூட்டிப்போய்விட்டு, லான்ட்மாஸ்டர் உழவு யந்திரம் கொண்டுவந்து, ஒரு பகலில் வீட்டை வெறுமையாக்கினார்கள். திரும்பி வந்தவர் வாசலில் அப்படியே இருந்துவிட்டார். 2 நாள் சாப்பிடவில்லை. அவருக்கு அது 1996. பூட்டி வைத்துவிட்டுப் போன வீட்டைத் திரும்பி வந்து வெறுமையாகப் பார்ப்பது அவருக்கு இரண்டாவது தரம். 8 மாதத்தில் வீடு முன்னையிலும் கூடுதலாக நிரம்பியது. ‘நாங்கள் செய்து பார்த்தோம், திருந்தாத சென்மம்’ என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவினார்கள்.

இப்போது வீடியோ பிடித்தவரின் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். மாபிள் பதித்த வீடு, மணிக்கொருதரம் துடைப்பார்கள். அந்த வீட்டுக் குப்பை எங்கே போகிறது தெரியுமா? பக்கத்தில் கனடாக்காரரின் வெறும் வளவு இருக்கிறது. இரவானதும் முடிச்சுப் போட்ட சொப்பிங் பை மதிலுக்கு மேலால் பறந்து அங்கே விழும். பிள்ளையின் பம்பர்ஸ், மீன் செதிள், பழுதான சோறு. எங்கள் ஒழுங்கையில் அப்படி 3 வளவு. எல்லாவற்றையும் தெருநாய் இழுத்துப் பரப்புகிறது. கல்லுண்டாயில் குப்பை கொட்டுகிற இடத்தைத் தாண்டும்போது எல்லோரும் மூக்கைப் பொத்துகிறோம், அங்கே கிடப்பது யார் வீட்டுக் குப்பை? சின்னம்மா தன் குப்பையைத் தன் வீட்டுக்குள் வைத்திருக்கிறார். நீங்கள் அடுத்தவன் வளவுக்குள் எறிகிறீர்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

டெங்கு டெங்கு என்று கத்தினீர்களே, அந்த நுளம்பு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. தெளிந்த தண்ணீர்தான் அதற்கு வேண்டும். உங்கள் பூச்சாடித் தட்டு, பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு, மொட்டைமாடியில் இலை அடைத்த பீலி, ஆளில்லாத வெளிநாட்டுக்காரர் வீட்டின் மூடாத தொட்டி, எல்லாம் அதற்குப் போதும். தண்ணீரை ஊற்றிவிட்டால் முட்டை போய்விடாது. காய்ந்த தொட்டியின் ஓரத்தில் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டு இருக்கும், தேய்த்துக் கழுவ வேண்டும். ஒவ்வொரு மாரிக்கும் நாங்கள் டெங்கில் படுக்கிறோமே, எல்லாம் சின்னம்மாவின் 3 ரயரில் இருந்து வந்ததா?

அதற்காக அந்த வீட்டைப் பார்த்துச் சும்மா இருக்கலாம் என்று நான் சொல்வேனா? இருக்க முடியாது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சலால் உயிர்கள் போயின. அந்த வீட்டில் எலி ஓடுகிறது, தூசிக்குள் ஒரு தொய்வுக்காரப் பிள்ளை படுக்கிறான். நான்கூட 2 வருடம் அந்தப் படலையைத் திறக்கவில்லை. வேலை, பிள்ளைகளின் படிப்பு என்று காரணம் சொல்லிக்கொண்டு தெருவால் போனேன். அந்த 2 வருடத்தை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்த வெட்கம்தான் இப்போது என்னைப் பேச வைக்கிறது.

அந்தப் பெட்டை என்ன செய்தாள் தெரியுமா? வீடியோ வந்த அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை அவளுடைய சட்டையை மணந்து பார்த்ததாம். வந்து ஒருவருக்கும் சொல்லவில்லை. கிணற்றடியில் நின்று அந்த வெள்ளைச் சட்டையை 3 தரம் தோய்த்தாள். சவர்க்காரம் கரைந்து விரல் சூம்பிப் போயிருந்தது. நான் போனபோது நாலாவது தரம் வாளியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தாள். “போதும் பிள்ளை, வெள்ளையாத்தானே கிடக்கு” என்றேன். “இன்னும் மணக்குது பெரியம்மா” என்றாள். நான் முகத்தோடு வைத்துப் பார்த்தேன். சவர்க்கார மணம் மட்டும்தான் இருந்தது. அவள் நம்பவில்லை.

14 வயதுப் பிள்ளையின் படுக்கையைப் படம் பிடித்து ஊருக்குக் காட்டினீர்கள். நாளைக்கு உங்கள் பிள்ளையின் படுக்கையறைக்குள் நான் போனோடு ஏறினால் விடுவீர்களா? பொலிசுக்குப் போவீர்கள். அவளுக்குக் கேட்க ஆளில்லை என்று நினைத்தீர்கள்.

இந்தச் சனிக்கிழமை நானும் என் அக்காவும் மகனும் போனோம். முதலில் குசினி, பிறகு கக்கூசுக்குப் போகிற வழி, அவ்வளவுதான் என்று சின்னம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்கினோம். ஒவ்வொரு பொருளையும் அவர் கையில் கொடுத்துக் கேட்டோம். ஒரு சருவச்சட்டிக்கு அரை மணித்தியாலம் போனது. போகட்டும். ரயர் மூன்றும் படலைக்கு வெளியே போய்விட்டன, தொட்டியைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டோம். பின்னேரம் குசினி நிலத்தில் 2 பேர் இருந்து தேத்தண்ணி குடிக்கலாம் போல இடம் வந்தது. ஜாம் போத்தல் 43 இருந்தது. அதில் கை வைக்க வேண்டாம் என்றார். கழுவித் துடைத்து அடுக்கிக் கொடுத்தோம்.

அடுத்த மாதம் 2ஆம் திகதி தெல்லிப்பழைக்குப் போகிறோம். யாருக்குத் தெரிந்தாலும் எனக்குக் கவலையில்லை.

வீடியோ பிடித்தவர் இதை வாசிப்பார் என்று எனக்குத் தெரியும். உங்கள் போனில் இருப்பதை அழியுங்கள். யார் யாருக்கு அனுப்பினீர்களோ அவர்களுக்கும் எடுத்துச் சொல்லி அழிக்க வையுங்கள். லண்டன் தம்பி, நீயும் வாசி. அம்மாவுக்கு நீ அனுப்புகிற காசோடு ஒரு போன் அழைப்பும் எடு, வீட்டைப் பற்றிக் கேட்காதே, சாப்பிட்டாவா என்று கேள்.

வாற சனி நடு அறை. கையுறை எங்களிடம் 2 சோடிதான் இருக்கிறது, வருகிறவர்கள் கொண்டு வாருங்கள். தும்புத்தடி ஒன்றும் வேண்டும். போனைப் படலையடியில் வைத்துவிட்டு உள்ளே வாருங்கள்.