பயிற்சிப் பதிவை வெட்டி ஒட்டாதீர்கள்

டிரம்ஸ் பழகும் தம்பி தங்கைகள் பலர், தங்கள் பயிற்சியைக் கைபேசியில் படம்பிடித்து, பிசகிய இடங்களை வெட்டிவிட்டு, நன்றாக அமைந்த முப்பது விநாடியை மட்டும் ரீல்ஸாக ஏற்றுவதைப் பார்க்கிறேன். ஏற்றுவதில் தவறில்லை. ஆனால் அவர்கள் வெட்டி எறிந்த பகுதிதான் அவர்களுக்கு மிகவும் தேவையான பகுதி. மாதந்தோறும் வகுப்புக்குக் கட்டணம் கட்ட இயலாத ஒருவருக்கு, தான் வாசித்ததை முழுமையாகப் பதிவு செய்து, ஒரு நொடியும் விடாமல் திரும்பக் கேட்பதைவிடக் கண்டிப்பான ஆசிரியர் கிடையாது என்று உறுதியாக நம்புகிறேன்.

ராயபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடி அறையில்தான் என் டிரம் செட் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் சுவர் ஒன்றே. கீழ்வீட்டு அண்ணன் காசிமேடு துறைமுகத்தில் விடியற்கால மீன் ஏலத்தை முடித்துவிட்டு வந்து முற்பகலில் உறங்குபவர். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. செட்டில் கூர்மையாக ஒலிக்கும் ஸ்நேர் டிரம்மின் அருகிலோ ஒலி 100 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். ஆகவே அக்கம்பக்கத்தாரிடம் பேசி, மாலை 4 மணி முதல் 5 மணி வரை மட்டும் முழு செட்டில் வாசிப்பது, மற்ற நேரமெல்லாம் ரப்பர் பேடில் பழகுவது என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம்தான் என்றான பிறகுதான் பதிவின் அருமை எனக்குப் புரிந்தது. மாலையில் வாசித்த அந்த ஒரு மணி நேரத்தை, இரவில் யாருக்கும் தொந்தரவின்றி, ஹெட்ஃபோனில் எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம் அல்லவா?

ஆனால் கைபேசியை அப்படியே எதிரில் நிறுத்தி எடுக்கும் ஒலியை நம்பிவிட வேண்டாம். பெரும்பாலான கைபேசிகள் உரத்த ஒலியைத் தாமாகவே அமுக்கி, மெல்லிய ஒலியைத் தாமாகவே தூக்கிவிடுகின்றன. பேச்சுக்கு அது நன்மை. டிரம்ஸுக்கு அது பொய்சாட்சி. மென்மையாக விழ வேண்டிய கோஸ்ட் நோட்டும், ஓங்கி விழ வேண்டிய அடியும் ஒரே அளவில் கேட்கும்போது, நம் கையில் நயம் இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒலியளவை நாமே நிர்ணயிக்க உதவும் செயலி ஒன்றையோ, சிறிய கையடக்க ரெக்கார்டரையோ பயன்படுத்தி, உச்சபட்ச அடி, பூஜ்யத்தை எல்லையாகக் கொண்ட ரெக்கார்டிங் மீட்டரில் மைனஸ் 10 டெசிபல் அளவில் நிற்கும்படி வைத்துவிட வேண்டும். ஒலியை நுண்மையாகப் பதியும் 24 பிட் அமைப்பில் பதிந்தால், அளவு குறைந்த ஒலியைப் பின்னர் உயர்த்திக்கொள்ளலாம். எல்லை மீறிக் கிழிந்த ஒலியையோ எந்த மென்பொருளாலும் முழுமையாக மீட்க முடியாது.

இரண்டு மைக் வைத்திருப்பவர்கள், 1960களின் இறுதியில் லண்டனில் பதிவுப் பொறியாளர் க்ளின் ஜான்ஸ் கையாண்ட வழியை முயலலாம். தலைக்கு மேலே ஒன்று, தரையில் நிற்கும் பெரிய டிரம்மான ஃப்ளோர் டாம் பக்கம் ஒன்று. இரண்டும் ஸ்நேரின் நடுவிலிருந்து சமதூரத்தில் இருக்க வேண்டும். நான் அம்மாவின் தையல் நாடாவால்தான் அளக்கிறேன். தூரம் மாறினால் ஒரே அடி இரு மைக்குகளுக்கும் முன்பின்னாக வந்து சேர்ந்து, ஸ்நேரின் ஒலி கனமிழந்து மெலிந்துவிடும்.

தனியாகப் பதிந்த ஒலியைப் படத்தோடு சேர்ப்பதற்கு, தொடங்கும் முன் குச்சிகளைக் கேமரா முன் ஒருமுறை தட்டினால் போதும். இரு கருவிகளின் கடிகாரங்களும் நுண்ணளவில் வேறுபடுவதால் நீண்ட பதிவில் ஒலியும் படமும் மெல்ல விலகும். எனவே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மீண்டும் தட்டிக்கொள்கிறேன்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். முதலில் படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேளுங்கள். கண் விழித்திருந்தால் காது சோம்பிவிடும். அப்படிக் கேட்டபோதுதான், தாளத்தின் இடையே நிரப்பாக வாசிக்கும் ஒவ்வொரு ஃபில்லின் முடிவிலும் என் லயம் வேகமெடுத்து ஓடுவது தெரிந்தது. நிமிடத்துக்கு 120 தாள அடி என்ற வேகத்தில் ஓர் அடிக்கு 500 மில்லிவிநாடி; அதை நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 125. ஒலியலையைத் திரையில் விரித்துப் பார்த்தபோது, ஃபில் முடிந்து வரும் சமம், அதாவது சுற்றின் முதல் அடி, ஏறத்தாழ 40 மில்லிவிநாடி முன்னதாகவே விழுந்திருந்தது. வாசிக்கும்போது இது ஒருநாளும் எனக்குக் கேட்டதில்லை. வாசிப்பவனின் கவனமெல்லாம் அடுத்த அடியில் இருக்கிறது. தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோமின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பல வாரங்கள் போராடினேன், சரியாகவில்லை.

பிறகு ஒலியை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தேன். ஃபில் தொடங்குவதற்கு அரைத் தாள அடி முன்பே என் இடது தோள் மேலே எழுகிறது, வாய் இறுகுகிறது, மூச்சு நிற்கிறது. ஃபில் முடியும்வரை மூச்சை அடக்கியிருப்பவன், அதை விரைவில் முடித்துவிடத்தானே பார்ப்பான்? பிழையைக் காது கண்டுபிடித்தது, காரணத்தைக் கண் கண்டுபிடித்தது. வெட்டி ஒட்டியிருந்தால் இரண்டுமே போயிருக்கும்.

படத்துக்கென்று பெரிய ஏற்பாடு தேவையில்லை. தோளும் பெடல் மிதிக்கும் காலும் ஒருசேரத் தெரியும்படி பக்கவாட்டில் கேமராவை நிறுத்துங்கள். விநாடிக்கு 60 பிரேம்கள் வைத்தால் குச்சியின் பாதை புரியும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், ஷட்டரை நூறில் ஒரு விநாடிக்கு வைத்தால் டியூப்லைட்டின் சிமிட்டல் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பதிவாகிறது என்று தெரிந்தாலே கை நடுங்குகிறது என்று சிலர் தயங்குகிறார்கள். அது உண்மைதான்; எனக்கும் நடுங்கியது. முழு மணி நேரமும் ஓடவிட்டால், பத்தாவது நிமிடத்தில் கேமரா இருப்பதே மறந்துவிடும். அதன் பிறகு பதிவாவதுதான் நீங்கள் உண்மையில் வாசிக்கும் விதம். ஞாயிறுதோறும் ஒரே இடத்தில், ஒரே ஒலியளவில் எடுத்து, தேதியிட்டு வைத்திருக்கிறேன். 120 வேகத்தில் இப்போது தோள் எழுவதில்லை. 140இல் இன்னும் எழுகிறது.