கடல் எந்தப் பக்கம்?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் அந்த முப்பது செகண்ட் வீடியோவை இதுவரை பதினோரு பேர் எனக்கே அனுப்பிவிட்டீர்கள். நன்றி. அதில் எழுந்து நின்று திருதிருவென முழிப்பவன் நான்தான். நம் ஷூ ஏற்றிய கன்டெய்னர் பெட்டிகள் ஐரோப்பா போகும் வழியில் ஏன் கொழும்பில் இறங்கி ஏற வேண்டும் என்று கேட்டேன். "சார், முதல்ல வேலூர்ல கடல் எந்தப் பக்கம்னு சொல்லுங்க" என்றார் மேடையிலிருந்தவர். மண்டபமே சிரித்தது.

தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று எங்கள் வேலூரைப் பற்றிக் கேட்டுப் பழகிய காதுதான். (கோட்டைக் கோயிலுக்குச் சாமி 1981-லேயே திரும்பி வந்துவிட்டார். கேலிதான் இன்னும் போகவில்லை.) சரி, கடலில்லாத ஊரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஐயா, ஹாம்பர்க்கிலும் கடல் கிடையாது. ஜெர்மனியின் மிகப் பெரிய துறைமுகம் எல்பே ஆற்றில் நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே கிடக்கிறது. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகமும் ஆற்றங்கரைதான். நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகம் 2024-ல் 1 கோடியே 30 லட்சத்துக்கும் மேற்பட்ட இருபதடி கன்டெய்னர் பெட்டிகளின் அளவுக்குச் சரக்கைக் கையாண்டது. அத்தனையும் ராட்டர்டாம்காரர்களே வாங்கிக்கொண்டார்களா? ரைன் ஆற்றில் படகேறியும் ரயிலேறியும் லாரியேறியும் அரை ஐரோப்பாவுக்குப் போகிறது. ஜெர்மனியில் டூயிஸ்பர்க் என்று ஓர் ஊர், கடலை விட்டு எங்கோ உள்ளே, உலகின் மிகப் பெரிய உள்நாட்டுத் துறைமுகம் என்று பெயர் வாங்கியிருக்கிறது. அங்கே போய்க் கேளுங்களேன், கடல் எந்தப் பக்கமென்று.

துறைமுகம் கரையில் இருக்கும். அதற்குச் சோறு போடுவது உள்நாடு. இது 1856-லேயே வெள்ளைக்காரனுக்குத் தெரிந்திருந்தது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் சென்னை ராயபுரத்திலிருந்து எங்கே வந்தது? நம் வாலாஜா ரோட்டுக்கு.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஏற்றுமதிப் பேப்பர் பார்த்தவன். பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், சீல் நம்பர், இதிலேயே பத்தொன்பது வருஷம். 2021 மார்ச்சில் எவர் கிவன் என்ற ராட்சதக் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டிக்கொண்டபோது ஊரெல்லாம் மீம் போட்டுச் சிரித்தது. நான் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு மன்னிப்பு மெயில் எழுதிக்கொண்டிருந்தேன். கப்பல் ஆறே நாளில் நகர்ந்துவிட்டது, அதற்குப் பின்னால் சேர்ந்த நெரிசல் எங்கே நகர்ந்தது? கோடைக்கால செருப்பு கோடைக்குள் கடைக்குப் போகாவிட்டால் அது பாதி விலைச் சரக்கு. அப்புறம் 2023 கடைசியில் செங்கடல் பிரச்சினை, ஏமனின் ஹூதிகள் கப்பல்களைத் தாக்கினார்கள். கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக ஆரம்பித்தன. எங்கோ ஏமனில் அடித்த அடிக்கு, பேரணாம்பட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் தையல் பெண்களுக்கு ஓவர்டைம் நின்றது. கடல் எங்கள் ஊரில் இல்லை ஐயா, எங்கள் சம்பளக் கவரில் இருக்கிறது.

"தோல் தொழில்தானே பாலாற்றைக் கெடுத்தது, அதற்கென்ன வக்காலத்து?" என்று வருவீர்கள். கெடுத்தது. 1996-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, மறுக்கவில்லை. எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. ஆனால் நான் அன்று கேட்டது கொழும்பைப் பற்றி. ஆற்றைப் பற்றி இன்னொரு நாள் அடியுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

"கொழும்பில் ஏற்றினால் என்ன குடி முழுகியது? பெரிய கப்பல் அங்கேதானே வருகிறது?" இது நியாயமான கேள்வி. கிழக்கு மேற்குக் கப்பல் பாதை கொழும்புக்குப் பக்கத்திலேயே போகிறது. வருஷத்துக்கு 70 லட்சத்துக்கும் மேல் பெட்டிகள், பெரும்பாலும் கப்பல் விட்டுக் கப்பல் மாறுபவை, அதில் நம்முடையவை ஏராளம். கேரளத்தில் விழிஞ்ஞம் துறைமுகம் வந்திருக்கிறது, பார்க்கலாம். இந்தப் பதிலை அவர் சொல்லியிருந்தால் கைதட்டிவிட்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கே பாதி தெரிந்த பதில்தான். மற்றவர்களும் கேட்கட்டும் என்றுதான் கேட்டேன்.

"ஒரு ஜோக்குக்கு இவ்வளவு பெரிய பதிவா?" ஆமாம். பத்தொன்பது வருஷம் பெட்டியை எண்ணியவனுக்கு அது ஜோக்காகப் படவில்லை.

வீடியோவை இன்னொரு தடவை பாருங்கள். மூன்றாவது வரிசையில், நீலச் சட்டை, தொடையைத் தட்டிச் சிரிக்கிறவன் என் மச்சான். ராணிப்பேட்டைக்கும் துறைமுகத்துக்கும் டிரெய்லர் ஓட்டுகிறான். இன்று காலையிலிருந்து நாலு தடவை போன் செய்துவிட்டான். நான் எடுக்கவில்லை.