ரெண்டும் ஒரே மருந்து இல்லை அண்ணே

தைராய்டு ஆபரேஷனில் பாராதைராய்டு சுரப்பிகளையும் (ரத்தத்தில் கால்சியத்தைச் சரியாக வைத்திருப்பவை) இழந்தவர்கள், தினமும் போடும் கால்சிட்ரியாலை விட்டுவிட்டு வாரம் ஒரு 60,000 யூனிட் வைட்டமின் டி போட்டால் போதும் என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். மன்னிக்கணும், அது சரியில்லை.

வாரத்துக்கு ஒன்று போடுவது கோலிகால்சிஃபெரால். அது கல்லீரலிலும் அப்புறம் சிறுநீரகத்திலும் மாறினால்தான் முழுதாக வேலை செய்யும். சிறுநீரகத்தில் அந்த மாற்றத்தை முடுக்கிவிடுவதே பாராதைராய்டு ஹார்மோன்தான். அது இல்லாதவருக்கு மாற்றம் சரிவர நடக்காது. கால்சிட்ரியால், வைட்டமின் டி ஏற்கெனவே மாறி முடிந்த வடிவம். டாக்டர் இரண்டையும் சேர்த்து எழுதுவதும் உண்டு. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்று அல்ல.

நான் தண்டையார்பேட்டைப் பக்கம் நர்ஸாக இருக்கிறேன். கால்சிட்ரியாலை நிறுத்திய ஒரு அம்மாவுக்கு பிபி பட்டையை இறுக்கினதும் விரல்கள் கூம்பிக்கொண்டன. உதட்டைச் சுற்றி மதமதப்பு வேறு. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இப்படித்தான் ஆகும்.

சந்தேகமிருந்தால் இரண்டு அட்டைகளையும் திருப்பிப் பாருங்கள். ஒன்றில் 60,000 ஐயூ, இன்னொன்றில் 0.25 மைக்ரோகிராம் என்று இருக்கும். மருந்தின் பெயரும் வேறு. கால்சிட்ரியாலின் விவரத்தாளில் ‘ஹைப்போபாராதைராய்டிசம்’ (பாராதைராய்டு ஹார்மோன் குறைபாடு) என்றே போட்டிருப்பார்கள். மருந்துக்கடையில் பார்மசிஸ்ட்டைக் கேட்டாலும் சொல்வார். மாற்றுவதாக இருந்தால் டாக்டரிடம் கேட்டு, ரத்தத்தில் கால்சியம் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.